கத்தாமல் ஒரு ரிவர்ஸ்

"ஒரே ஒரு சத்தம் வந்துச்சு, என் காரைக் கிளப்பிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். இப்பவே சொல்லிட்டேன், டுவெய்ன்!"

கிளெண்டா காபிக் கோப்பையை பிக்கப் வண்டியின் பானெட்டில் வைத்தாள். அங்கே யூட்டாவும் அரிசோனாவும் வரைபடமாக விரிந்து கிடந்தன. நெப்ராஸ்கா காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. டுவெய்ன் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் எப்ப கத்தினேன்?"

"எப்ப கத்தலை? அந்தப் பாலைவன முகாம்ல கேரவனை ரிவர்ஸ் எடுக்கறேன்னு நீ போட்ட கூப்பாட்டுல, பாறைக்குப் பின்னாடி கிடந்த முயல்கூட ஊரைக் காலி பண்ணிட்டு ஓடிப்போச்சு. அத்தனை பேரும் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாங்க. ஒருத்தி பாப்கார்ன் வேற கொண்டுவந்தா."

"பாப்கார்ன் இல்ல, வேர்க்கடலை."

"பார்றா, அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு!"

முகாம்களில் அது எழுதாத சட்டம். புதிதாக யாராவது வந்து, வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துவந்த கேரவன் வீட்டை ரிவர்ஸில் விட ஆரம்பித்தால் போதும், முகாமே நாற்காலியோடு வந்துவிடும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் நின்று கை காட்ட, இருவருக்கும் நடுவில் மூளுகிற சண்டையைவிட நல்ல பொழுதுபோக்கு அங்கே கிடையாது.

"எந்த மாசம் போறதா உத்தேசம்?"

"அக்டோபர்."

"ஜூலை ஜூலைன்னு குதிச்சியே?"

"ஜூலைல போனா அடுப்பே வேண்டாம், முட்டையை வண்டி மேலயே பொரிச்சுக்கலாம்னு ஷெல்லி சொன்னா."

"மக சொன்னா உடனே ஏறிடும். நான் சொன்னா மட்டும் காது அடைச்சுக்கும்."

டுவெய்ன் சிரித்து மழுப்பினார். அவருக்கு இந்தப் பயணம் வேண்டும். கிளெண்டா இல்லாமல் வேண்டவே வேண்டாம். போன வருடம் தனியாகக் கிளம்பிப் போனவர்தான். முதல் செம்பாறை மலை கண்ணில் பட்டதும் "அடேயப்பா, அங்க பாரு!" என்று பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு சிப்ஸ் பொட்டலம்தான் உட்கார்ந்திருந்தது. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமைப் பரீட்சை. சர்ச்சின் காலி வண்டி நிறுத்தத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்திருந்தாள் கிளெண்டா. அவற்றுக்கு நடுவே கேரவனைப் பின்னால் விட வேண்டும். அவள் கை காட்டுவாள். தேறினால் அவளும் வருவாள்.

"கண்ணாடியில என் முகம் தெரியலைன்னா உடனே நிறுத்து. ம், வா... வா... இடது பக்கம்!"

"யாரோட இடது? உன் இடதா, என் இடதா?"

"என்னது? குரல் ஏறுதே?"

"ஐயோ, இல்லம்மா. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

கேரவன் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். டுவெய்ன் திருப்பினார். கண்ணாடியில் கிளெண்டாவைக் காணோம். பிரேக்கை மிதித்தார். பழைய டுவெய்னாக இருந்தால் இந்நேரம் சர்ச் மணி தானாக அடித்திருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, தேன் ஒழுகக் கூப்பிட்டார்.

"கிளெண்டா, கண்ணு... எங்கம்மா போயிட்ட?"

"ஷூ கயிறு அவிழ்ந்துடுச்சு. அதுக்குள்ள என்ன அவசரம், ரயிலா புறப்படுது?"

பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். டுவெய்னுக்கு பூமியெல்லாம் வேண்டாம், யூட்டாவில் ஒரு கேரவன் நிற்கிற இடம் போதும். பொறுத்துக்கொண்டார்.

"இப்ப வா! தாராளமா வா! இன்னும் நிறைய இடம் இருக்கு!"

வந்தார். டமார் என்று ஒரு சத்தம். கூம்பு ஒன்று சக்கரத்துக்கு அடியில் அப்பளமாகிக் கிடந்தது.

டுவெய்ன் இறங்கி வந்தார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கிளெண்டா இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள்.

"என் தப்புதான். இன்னொரு தடவை எடுக்கறேன்" என்றார்.

கிளெண்டா அவரையே உற்றுப் பார்த்தாள்.

"உன் தப்பா? இடமே இல்லாத இடத்துல வேணும்னேதான்யா உன்னை வரச் சொன்னேன்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"நீ கூட வரணுமே கிளெண்டா. கூம்பு போனா வேற கூம்பு வாங்கிக்கலாம்."

கிளெண்டா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு போய் வரைபடத்தை எடுத்து மடித்தாள். அது ஒழுங்காக மடியவில்லை.

"அக்டோபர்ல அங்க ராத்திரி குளிரும். கம்பளி நிறைய எடுத்து வை" என்றாள்.

"அப்ப வர்றியா?"

"வர்றேன். ஆனா இப்படியே வந்துட முடியாது. ரிவர்ஸ்ல கத்தினான்னு விவாகரத்து வாங்கினவ, அதே ஆளோட ஒரே கேரவன்ல ஊர் சுத்தினா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அதனால, கிளம்பறதுக்கு முன்னாடி மரியாதையா என்னை மறுபடியும் கட்டிக்கோ!"