கோட்டிங் கம்பி

கடைக்காரர் ஹரிபாபு இரண்டு பாக்கெட்டுகளை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

ஒன்று, பரணி வழக்கமாக வாங்கும் சாதாரண கிட்டார் கம்பி. இன்னொன்று கோட்டிங் கம்பி. திருப்பதிக்கு வரும்போதெல்லாம் அவன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவது.

“இதி தீஸ்கோ தம்முடு. உன் கை வேர்வைக்கு இதான் சரி,” என்று ஹரிபாபு தெலுங்கும் தமிழுமாகச் சொல்லி, கோட்டிங் பாக்கெட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

பரணியின் விரல்கள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஒரு கச்சேரி முடிவதற்குள் எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்து நனைந்துவிடும். புதுக் கம்பி மாட்டிய சில நாட்களிலேயே கறுத்து, சொரசொரப்பாகி, விரல் நுனியில் துரு ஒட்டும். சொந்த ஊரான நகரியில் அவனுடைய ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் அவனுக்குத் ‘துரு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அக்கா ரூபா கோட்டிங் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு இருக்கிறது, வேர்வை உள்ளே இறங்காது என்று ஹரிபாபு சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். துரு பிடிக்காதா, அறுந்துபோகாதா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். தம்பியின் கிட்டாரைப் பற்றி அவள் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

“அஞ்சாறு மாசத்துக்குக் கவலையே இல்லம்மா,” என்றார் ஹரிபாபு.

“கேட்டுக்கினியாடா? எவ்ளோ நாளா ஆசைப்பட்டுக்கினு இருந்த. இதையே வாங்கிக்கலாம். ஜாத்திரை, தீபாவளி, எல்லாத்துக்கும் இதே வரும்.”

அவள் குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது.

கடையில் கோட்டிங் கம்பி மாட்டிய கிட்டார் ஒன்று தொங்கியது. ஹரிபாபு அதை இறக்கிக் கொடுத்தார். பரணி முக்காலியில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. சற்றுப் பொறுத்து வாசித்தான்.

விரல் வழுக்கிக்கொண்டு போனது. கீறல் சத்தமே இல்லை.

“சூப்பரா இருக்குதுக்கா,” என்றான்.

பிறகு கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாதாரணக் கம்பிப் பாக்கெட்டை எடுத்தான்.

“எனக்கு இது போதும்.”

“அது ஒரு மாசத்துக்குமேல தாங்காதுடா.”

“அதான் சொல்றேன்.”

ரூபா நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல், உள்ளங்கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தான்.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும்தான் உள்ளே கூப்பிட்டார். இனிமேல் கொடுக்கிற மருந்தெல்லாம் வலிக்குத்தான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். வயிற்றுப்புண்தான், மாத்திரையிலேயே ஆறிவிடும் என்று தம்பியிடம் சொன்னாள். ஊரில் காத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் போனில் அதையே சொன்னாள். பரணி பக்கத்தில் நின்று சிரித்தான். போகிற வழியில் கிட்டார் கடைக்குப் போகலாமா என்று கேட்டான்.

வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அவள்தான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவன் கேட்டுக்கொண்டு வந்தான்.

ஹரிபாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பாக்கெட்டுக்கு பில் போடுவது என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ரூபா கோட்டிங் பாக்கெட்டை விடவில்லை. அதன் அட்டை அவள் பிடியில் மடங்கிப்போயிருந்தது.

பரணி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பாக்கெட்டை எடுத்து, மடங்கிய அட்டையை நீவிவிட்டு, மேஜைமேல் வைத்தான்.

“நைனாகிட்ட நானே சொல்லிக்கிறேன்க்கா,” என்றான். “நீ ஒண்டியா அழுதுக்கினு இருக்காத.”