சமாதானக் கடிதம்

லைபீரியா உள்நாட்டுப் போரில் டோக்பா, சாயே என்ற இரண்டு கிளர்ச்சித் தளபதிகள் ஒரே ஒரு பாலத்துக்காக மூன்று வருடமாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் டோக்பா, தன் மெய்க்காவலன் வார்னியிடம் ஒட்டிய கடிதம் ஒன்றைக் கொடுத்தார்.

"சமாதானத்துக்கு எழுதியிருக்கேன். சாயேகிட்ட கொடுத்திடு. உன்னை விட்டா நான் யாரை நம்புவேன்?"

எழுதப் படிக்கத் தெரியாத வார்னிக்குப் பெருமை தாங்கவில்லை. குச்சியில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தான்.

சாயே கடிதத்தைப் படித்தார். வந்தவனுக்கு மரவள்ளிக்கீரைக் குழம்பும் சோறும் போடச் சொன்னார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

"என்ன சீஃப், சண்டை முடிஞ்சுதா?" என்றான் வார்னி.

"முடிஞ்சுது. பாலத்தை அவருக்கே விட்டுட்டேன்."

"பதிலுக்கு அவர் என்ன தர்றாரு?"

சாயே கடிதத்தை எடுத்து வாசித்தார். "உங்கள் தம்பியைச் சுட்டவனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்."

வார்னி சட்டென்று எழுந்து நின்றான்.

"சுடச் சொன்னதே அவர்தான், சீஃப்."

"தெரியும்ப்பா," என்றார் சாயே. "ஆனா, இன்னையிலேருந்து அவரும் நானும் ஒரே பக்கம்."