பட்டு நட்சத்திரம்

இறந்துபோன அம்மாவின் நினைவாக லிசி வைத்திருந்த ஒரே சேலையைப் பழைய துணி என்று பாத்திரக்காரனிடம் போட்டு, பிளாஸ்டிக் வாளி வாங்கிவிட்டாள் மாமியார் ரோசரி.

கிறிஸ்துமஸுக்கு லிசி மகளோடு உட்கார்ந்து, அட்டையில் பட்டுத்துணி ஒட்டி, வாசலுக்கு ஒரு நட்சத்திரம் செய்தாள். காட்டூரே வந்து பார்த்தது.

"ஜரிகை என்னமா மின்னுது. துணி ஏதும்மா?" என்று பங்குச் சாமியார் லிசியைக் கேட்டார்.

ரோசரி முந்திக்கொண்டாள். "நான்தான் சாமி எடுத்துக் கொடுத்தேன். பேத்தி ஆசைப்பட்டா."

"ஆமாங்க சாமி," என்றாள் லிசி நிதானமாக. "அத்தை பீரோவுல பொத்திப் பொத்தி வச்சிருந்த கல்யாணப் பட்டு. எனக்குத்தான் வெட்ட மனசே வரல."

சாமியார் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. முகம் வெளுத்து நின்ற ரோசரிக்குச் சிரிக்க வேண்டியிருந்தது.