ஒளிச்சு வச்ச பட்டன்

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் என் போன்ல சார்ஜே நிக்காம போகட்டும்.

பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி. சோறு ஓசி, பஸ்ஸு ஓசி, பல்லு வலிச்சா டாக்டரும் ஓசி. அங்க நம்மாளுக்கு வேலை ஒரே ஒரு பட்டன்.

கம்பெனி ஆப்ல, 'ஆளோட பேச'ன்னு ஒரு பட்டன் இருக்கும்ல, அமுக்கினா கம்பெனி ஆளுக்கே போன் போகுமே? அது ஜனங்க கண்ணுல சட்டுனு படாம பார்த்துக்கணும். வருஷம் பூரா அதேதான். சொந்தக்காரங்க அவனுக்கு வச்ச பேரே பட்டன் தம்பி.

அந்தப் பட்டனுக்குப் பரிசு குடுத்துட்டாங்கய்யா! கண்ணாடிக் கப்பு. வீட்டுல விருந்து.

எல்லாரும் வந்தாச்சு. அக்கா புருஷன் மட்டும் வரல. அவரும் அதே கம்பெனிதான். கீழ் மாடியில, ஜனங்க போன் பண்ணா எடுத்துப் பதில் சொல்ற வேலை. இவனை உள்ள சேர்த்து விட்டதே அவருதான்.

"மாமா எங்கக்கா?"

"தலைவலிடா."

"தலைவலியா, வயித்தெரிச்சலா? நான் மேல போறது பொறுக்கல அவருக்கு."

இவன் விடுவானா? கூட்டத்துக்கு நடுவுல போனை ஸ்பீக்கர்ல போட்டான்.

"மாமா, கேக் வெட்டப் போறோம். எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான் மாப்ள. போன் மேல போன். நகர முடியல."

"அக்கா தலைவலிங்கறா, நீங்க ஆபீஸ்ங்கறீங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் பொய் சொல்லுங்க மாமா!"

கூட்டமே சிரிச்சுது.

"அதுசரி, போன் எங்க வருது? பாதி போன் குறைஞ்சு போச்சுன்னுதானே எனக்குக் கப்பே குடுத்தாங்க!"



"ஆமாம்ல..."ன்னாரு மாமா. "நல்லா சாப்பிடு மாப்ள." வச்சுட்டாரு.

நம்மாளு சிரிச்ச வாய் அப்பதான் மூடுச்சு. அக்காவைச் சமையக்கட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனான்.

"அக்கா, போன் குறைஞ்சா... அதை எடுக்கற ஆளுங்க?"

"போன வாரமே வேலையை விட்டு அனுப்பிட்டாங்கடா. கீழ் மாடியில பாதிப் பேரை, இவரையும் சேர்த்து. 'விருந்து முடியட்டும், அவன்கிட்ட மூச்சு விடாத'ன்னாரு."

"எனக்குத் தெரியாதுக்கா. பட்டன் மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும்."

"என்னது?"

"பட்டனை எங்க ஒளிக்கறதுன்னு புரியல, வேலை போயிடும்னு எங்க வீட்டு சோபாவுல உக்காந்து அழுதியே. 'யாரும் படிக்காத அந்த நீள விதிமுறைக்கு அடியில வை மாப்ள, ஒருத்தனும் தேட மாட்டான்'னு சொல்லிக் குடுத்தது யாரு?"

அவன் கப்பைக் கீழ வச்சான்.

"நீ சந்தோஷமாப் போனதும், கதவைச் சாத்திட்டு என்கிட்டச் சொன்னாரு: 'தம்பி வேலை தப்பிச்சுதுடி. இனிமே எனக்குத்தான் போன் வராது.'"

அவ்ளோதான் கதை. ஓசியில கேட்டுட்டு நைசா எழுந்திரிக்காதீங்க. மனுஷங்களே போன் எடுக்கற ஆபீஸ் எங்கயாவது மிச்சம் இருந்தா மாமாவுக்குச் சொல்லுங்க. எனக்கு ஒரு டீ போதும். அது இப்பவே வரணும்!