மூன்றாம் மாடி ஜன்னல்

மதியமே இருட்டிக்கொண்டு வருகிறது. முதியோர் இல்லத்தின் வாசலில் நிற்கும் காருக்குள், தூருன் பிளாஸ்க்கிலிருந்து மீன் சூப்பை ஊற்றித் தோழி குன்ஹில்டிடம் நீட்டுகிறாள். விடிந்ததிலிருந்து, சாகக் கிடக்கும் தன் தாயின் கட்டிலை விட்டு அசையாதவளை வம்படியாகக் கீழே இழுத்து வந்தவள் தூருன்தான். விழுகிற பனியை வைப்பர் கிறீச்சிட்டுத் தள்ளுகிறது. "கால் மணி நேரத்துல ஒண்ணும் ஆயிடாது, குடிடி." "ஹீட்டர் போட்டு அந்த ரூம்ல ஒரே புழுக்கம்டி. ஆனா ஜன்னல்ல கை வச்சா போதும், 'காக்காய்க்கெல்லாம் குளிர்காய வைக்கிறீங்களா'ன்னு அம்மா கத்துவாங்க," என்று குன்ஹில்ட் சிரிக்கிறாள். அவள் சிரித்து வெகு நாளாகிறது. சூப்பின் ஆவி அவள் முகத்தை மறைக்கிறது. மேலே, மூன்றாம் மாடியில், அந்த அறையின் ஜன்னல் திறக்கிறது. நர்ஸின் கை கொக்கியை மாட்டிவிட்டு உள்ளே போகிறது. திரைச்சீலை வெளியே வந்து காற்றில் ஆடுகிறது. பிரிந்த உயிர் வெளியேறட்டும் என்று இங்கே ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். வேறெதற்கும் இந்தக் குளிரில் யாரும் திறப்பதில்லை. அதைப் பார்த்த தூருன் கை நீட்டி வைப்பரை நிறுத்துகிறாள். முன்கண்ணாடியைப் பனி கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது. "ஏன்டி நிறுத்திட்ட?" "ஒண்ணுமில்ல. ஆறுறதுக்குள்ள குடிச்சு முடி."