ஆட்சேபணை இல்லை

“இதுக்குப் பேரு ரூமா பாய்?”

ஆனந்த்ராஜுக்கு வந்த கோபத்தில் பெட்டியைக் கீழே வைக்கக்கூட மனசு வரவில்லை. வைக்கிற மாதிரி தரை இருந்தால்தானே?

சுவர் முழுக்க உப்புப் பூத்து, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. கட்டில் விரிப்பு வெள்ளையா மஞ்சளா என்று சத்தியம் பண்ண முடியாது. குழாயைச் சுற்றிப் பச்சைக் களிம்பு.

“முகூர்த்த நாளு சார். இன்னைக்குத் திண்டுக்கல்லுல வேற எங்கயும் ரூம் கிடைக்காது,” என்றார் லாட்ஜ் முதலாளி சௌகத் அலி. “செத்த நேரம் படுத்து எந்திரிங்க. சாயங்காலம் ரிசப்ஷனுக்குப் போகணும்ல?”

கீழே நோட்டில் பெயர் எழுதும்போதே ஆனந்த்ராஜ் சுதாரித்திருக்க வேண்டும். சாவியைத் தேடிக்கொண்டிருந்த பாய், இவர் போட்ட கையெழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவருக்கு அதிலும் கொஞ்சம் வருத்தம். சென்னையில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் இவர்தான் மேலதிகாரி. மீன்வால் மாதிரி சுழித்து முடியும் அந்தக் கையெழுத்துக்காக அங்கே தினமும் ஐம்பது ரிப்போர்ட் காத்திருக்கும். அத்தனையையும் படித்துவிட்டா போட முடியும்?

குளித்தார். சோப்பு தேய்ந்ததே தவிர நுரை வரவில்லை. வாய் கொப்பளித்ததும் நாக்கு கசந்தது.

“தண்ணியாய்யா இது!” என்று சுவரிடம் கத்திவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

ராத்திரி முழுக்க ரயிலில் தூங்காத அசதி. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. பச்சைத் திரை வழியாக வந்த வெயிலில் அறையே ஒரு குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல இருந்தது. சுவரில் பூத்த உப்பு முதலில் மேகமாகத் தெரிந்தது. அப்புறம் படகானது. படகு சுவரை விட்டு இறங்கிக் கட்டிலோரம் வந்தது, இவர் ஏறிக்கொண்டார்.

சுற்றிலும் தண்ணீர். கரையில் முகம் தெரியாத கூட்டம், கையில் குடங்களோடு.

“குடிக்கலாமா சார்? இதைக் குடிக்கலாமா?”

ஏதோ காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்த ஆனந்த்ராஜ், தலை நிமிராமலே “ம்” என்றார்.

விழித்தபோது மணி நாலு. உடம்பெல்லாம் நமைச்சல். கையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கனவும் கோபமும் பாதிப் பாதியாகப் படியிறங்கினார்.

“பாய், புகார் நோட்டு இருக்கா?”

எந்த லாட்ஜ் முதலாளியும் இதற்குக் கையைப் பிசைவார். சௌகத் அலியின் முகமோ மலர்ந்துவிட்டது. பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார். நோட்டும் பேனாவும் கொடுத்தார். அவர் மனைவி ரம்ஜான் பீவி டீ கொண்டுவந்து வைத்தார்.

“பயப்படாமக் குடிங்க சார். இது ஆத்தூர் டேம் தண்ணில போட்டது. பத்து நாளைக்கு ஒருக்கா குழாயில வரும். வீட்டுக்குன்னு பிடிச்சு வெச்சதுல போட்டேன்.”

ஆனந்த்ராஜ் எழுதினார். எழுத எழுத வேகம் வந்தது. முடித்துவிட்டு உரக்கவே படித்தார்:

“இந்தத் தண்ணீர் குளிக்கக்கூட லாயக்கில்லை. குடித்தால் உயிருக்கே ஆபத்து. மனிதர்களுக்கு இதைக் கொடுப்பது கடும் ஆட்சேபணைக்குரியது.”

பாயின் கண் கலங்கியது.

“அல்லா உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான் சார்.”

“என்ன பாய், உங்களைத் திட்டி எழுதியிருக்கேன்!”

“திட்டுங்க சார். எங்க கிணறு இனிப்பாத்தான் இருந்துச்சு. பின்னால தோல் பதனிடுற ஷாப்பு வந்து நாலு வருசத்துல இப்பிடி ஆயிருச்சு. தெருவுல முப்பது வீட்டுக்கும் இதே கதிதான். எம்மக இஃப்பத்துக்குக் கையெல்லாம் புண்ணு. ஷாப்பை மூடச் சொல்லல சார், எங்க சொந்தக்காரப் புள்ளைகளே அங்கதான் வேலை பாக்குது. கழிவைச் சுத்தம் பண்ணி விடுங்கன்னு கேட்டோம். அவுக ஒரு பேப்பரைக் காட்டி எங்க வாயை அடைச்சுட்டாக. வியாழக்கிழமை கலெக்டர் ஆபீசுல விசாரணை. நாங்க சொன்னா எடுபடாது. உங்கள மாதிரி வெளியூரு படிச்சவுக எழுதினாத்தான் மதிப்பு. அன்னைக்கு இந்த நோட்டைத்தான் கொண்டுபோய் வைக்கப்போறேன்.”

“என்ன பேப்பர் அது?”

பாய் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். ஜெராக்ஸ் ஒன்று ஒட்டியிருந்தது. இந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இங்கிலீஷில் டைப் அடித்த ரிப்போர்ட். பக்கத்திலேயே பென்சிலில் தமிழ்.

நிறம் – ஆட்சேபணை இல்லை. மணம் – ஆட்சேபணை இல்லை. சுவை – ஆட்சேபணை இல்லை. குடிக்க உகந்தது.

“வாத்தியார் ஒருத்தர்கிட்ட அர்த்தம் கேட்டு எழுதி வெச்சேன் சார். எந்த மகராசன் போட்டானோ, பேரு தெரியல. கையெழுத்து மட்டும் மீனு வாலை ஆட்டுற மாதிரி சோக்கா இருக்கு.”

ஆனந்த்ராஜுக்குப் பெஞ்சு படகு மாதிரி ஆடியது. தூங்குகிறோமா, விழித்திருக்கிறோமா என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. குடிக்கலாமா சார், குடிக்கலாமா என்று யாரோ இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரம்ஜான் பீவி வைத்த டீ தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

பாய் தாளைத் திரும்ப இவர் எழுதிய பக்கத்துக்குப் புரட்டினார்.

“அடடே, எம்புட்டு நல்லா எழுதிட்டு, கடைசியில கையெழுத்துப் போட விட்டுட்டீகளே சார்!” என்று பேனாவை நீட்டினார்.