பிரியமாகக் கேட்ட கேள்வி

"வேலைய விடுங்க. வீட்டுல சும்மா இருக்கும்போது எதையெல்லாம் நோண்டிப் பாக்கப் பிடிக்கும்?" என்று லேப்டாப்பிலிருந்து அந்தப் பெண்குரல் பிரியமாகக் கேட்டது.

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பழைய அரைக்கால் டவுசர்.

நேர்முகத் தேர்வு என்று பேர்தான். திரையில் முகம் ஒன்றும் இல்லை. குரல் வரும்போது நெளிகிற ஒரு கோடு மட்டும். கேள்வி கேட்பது இயந்திரம். பெரிய கம்பெனிகள் இப்போதெல்லாம் இப்படித்தான் ஆள் எடுக்கின்றன.

கம்ப்யூட்டர் படித்தவன்தான். ஆனாலும் வேலை போய் இரண்டாவது வருடம் ஓடுகிறது. இதுவும் கைநழுவினால் வீட்டைக் காலி செய்துவிட்டு மாமனார் வீட்டு மாடிக்குக் குடிபோவதாகப் பேச்சு. மாமனாரின் வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

சற்றுமுன் குரல் வேலையில்லாத அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சம் திணறிவிட்டான்.

சமையலறைக் கதவோரம் மனைவி கரண்டியோடு நின்றாள். மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை.

அவன் சொல்ல ஆரம்பித்தான்.

சின்ன வயதில் அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டது. திரும்பப் பூட்டியபோது கையில் நாலைந்து திருகாணி மிச்சம். ஆனால் ரேடியோ பாடியது. அப்பா பாட்டைக் கேட்டுக்கொண்டே அடித்தார்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் எடுத்ததற்குக் காரணமே அதுதான். எவ்வளவு நோண்டினாலும் அடி விழாத ஒரே சாமான் அதுவாகத்தான் இருந்தது.

பிறகு வாஷிங் மெஷின். துவைத்து முடித்ததும் போன் பண்ணுகிற மாதிரி அதில் எதையோ கோத்துவிட்டான். ஒருநாள் துணியே போடாமல், ஆபீஸில் இருந்த மனைவியை அது ஏழெட்டுத் தடவை கூப்பிட்டுவிட்டது.

குரல் சிரித்தது. மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று அவனுக்குத் துக்கமாக இருந்தது.

அவன் மைக்கை அணைத்ததும் எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "பிடிச்சுப் போச்சு போலிருக்கு. இல்லன்னா எதுக்கு இவ்ளோ நேரம் பேசுறாங்க? நிறுத்தாதீங்க, சொல்லுங்க."

அவன் தலையாட்டினான்.

பழைய கம்பெனியில் அவன் என்ன வேலை பார்த்தான் என்பது அவளுக்கு முழுதாகப் புரிந்ததில்லை. இந்த இயந்திரத்துக்குக் கேள்விகள் அமைத்துக் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன்.

தேறியவர்களிடம் அது எப்போது வந்து சேரலாம் என்று கேட்கும். தேறாதவர்களைப் பட்டென்று அனுப்பிவைத்தால் மனசு நொந்துபோவார்களே என்று, அவர்களுக்காகவே, வீட்டில் எதை நோண்டப் பிடிக்கும் என்கிற இந்தக் கேள்வியைச் சேர்த்தான். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தான். அன்று எல்லோரும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

அந்தப் பதில்களை எங்கும் சேமிக்க வேண்டாம், இடம்தான் வீண் என்று சொன்னதும் அவன்தான்.

மைக்கைத் திறந்தான்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கதவில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டாள்.

அவன் அடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.